சோதனை முடிவில் சொல்லாமல் விட்ட பாதி

புதிய விதை ஒன்றைப் பத்து வயல்களில் விதைத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றில் மகசூல் கூடுகிறது, ஏழில் கூடவில்லை. அந்த மூன்று வயல்களை மட்டும் விளம்பரத்தில் காட்டினால் அது பொய்யாகாது. ஆனாலும் விதை வாங்கும் விவசாயி ஏமாந்து போவார். உணவு பற்றிய ஆராய்ச்சிகளிலும் இக்குறை உண்டு. எண்ணெய் வித்து பயிரிடுவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

மின்னசோட்டா சோதனை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1968 முதல் 1973 வரை ஒரு பெரிய சோதனை நடைபெற்றது. ஆறு அரசு மனநோய் மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் இருந்த 9,000-க்கும் மேற்பட்டோர் இதில் அடங்குவர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கொழுப்பு உணவும், மறு பிரிவினருக்கு மக்காச்சோள எண்ணெய் சேர்த்த உணவும் தரப்பட்டன. எண்ணெய் உணவால் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறையும், அதனால் மாரடைப்பும் சாவும் குறையும் என்று எதிர்பார்த்தார்கள்.

கொலஸ்ட்ரால் சுமார் 14 சதவீதம் குறைந்தது. சாவு குறையவில்லை. இம்முடிவு 1989-ல்தான் முழுக் கட்டுரையாக வெளிவந்தது. அதிலும் முன்பே திட்டமிட்ட சில கணக்குகள் இடம்பெறவில்லை. சோதனைத் தலைவரின் வீட்டு நிலவறையில் கிடந்த ஏடுகளையும் நாடாக்களையும் பெற்று, வேறு ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் மீதியை வெளியிட்டனர். கொலஸ்ட்ரால் அதிகம் குறைந்தவர்களிடையே சாவு அதிகமாகவே இருந்தது.

சிட்னி சோதனை

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1966 முதல் 1973 வரை, இதய நோய் கண்ட 458 ஆண்களிடம் குசும்பா எண்ணெய் சோதிக்கப்பட்டது. 1978-ல் வந்த கட்டுரையில் மொத்தச் சாவு மட்டுமே இருந்தது. இதய நோயால் இறந்தோர் கணக்கு 2013-ல்தான் வெளிவந்தது. எண்ணெய்ப் பிரிவில் 16.3 சதவீதம், மறு பிரிவில் 10.1 சதவீதம்.

இதைக் கொண்டு இந்த எண்ணெய்கள் நஞ்சு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மின்னசோட்டாவில் பலர் ஓராண்டுக்குள்ளேயே சோதனையை விட்டு வெளியேறினர். வேறு சோதனைகள் வேறு முடிவு தந்துள்ளன. ஆனால் இம்முடிவுகள் மூலையில் கிடந்த காலமெல்லாம், அவற்றைச் சேர்க்காமலே மக்களுக்கு உணவு ஆலோசனை சொல்லப்பட்டு வந்தது. குறை அங்கேதான் இருக்கிறது.

பதிவேடு

இதற்கு மருந்து, எதை அளக்கப் போகிறோம் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதிப் பதிவு செய்வதாகும். இந்தியாவில் இதற்கான பதிவேடு 2007-ல் தொடங்கப்பட்டது. 2009 முதல் மருந்துச் சோதனைகளைப் பதிவது கட்டாயம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

விதை, உரம், எண்ணெய் எதுவாயினும், சோதனையில் தேறியது என்று சொல்வோரிடம் விவசாயிகள் இவற்றைக் கேட்கலாம்:

1. எத்தனை இடங்களில் சோதித்தீர்கள்? எல்லா இடங்களின் முடிவும் இதில் உள்ளதா?

2. எதை அளந்தீர்கள்? கொலஸ்ட்ரால் குறைவது வேறு, ஆயுள் கூடுவது வேறு. பயிர் பச்சை கட்டுவது வேறு, களத்தில் மூட்டை கூடுவது வேறு.

3. பக்கத்திலேயே, அதைப் போடாத பாத்தி ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க இருந்ததா?

நேரான பதில் வராவிட்டால் முழு நிலத்திலும் இறங்க வேண்டாம். ஐந்து சென்டில் போட்டுப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே குறித்து வைத்து, அடுத்த போகத்தில் முடிவு செய்யலாம்.