லைசன் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு: எட்டுப் போட்டால் மட்டும் போதுமா?

நம் தோட்டத்துப் பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்கு மட்டும் போவதில்லை. திருகோணமலை, நிலாவெளி, புல்மோட்டை என்று கிழக்குக் கரைக்கும் போகிறார்கள். திருகோணமலை டவுனில் இருந்து புல்மோட்டை 50 கிலோமீற்றருக்கு மேல். அங்கே மோட்டார் சைக்கிள் இல்லாமல் பொழப்பு நடத்துவது கஷ்டம். ஆனால் ஓட்டத் தெரிந்தும் லைசன் எடுக்காமலே ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விபத்து என்று வந்தால் பொலிஸ் வழக்கு ஒரு பக்கம், காப்புறுதிப் பணத்துக்குச் சிக்கல் இன்னொரு பக்கம். வீட்டில் சேர்த்த காசெல்லாம் இதிலேயே போய்விடும்.

முதலில் கடதாசி வேலை

அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் முத்தையா, மற்றதில் முத்தையன் என்று இருந்தால் முன்கூட்டியே சரி செய்துகொள்ளுங்கள். அடுத்து, தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் வைத்தியச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பம்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். 40 கேள்விகள் வரும். வீதிக் குறியீடுகளைப் பாடமாக்காமல், ஒவ்வொன்றும் ஏன் அங்கே நிற்கிறது என்று விளங்கிப் படியுங்கள். பாஸானால் பயிலுனர் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். மூன்று மாதம் பழகிய பிறகு ட்ரயல்.

ட்ரயலும் ரோட்டும்

ட்ரயலில் கால் ஊன்றாமல் எட்டுப் போடச் சொல்வார்கள். வேகத்தைக் குறைத்து, தூரத்தைப் பார்த்து ஓட்டினால் இது வந்துவிடும். ஆனால் எட்டுப் போடுகிற இடத்தில் லொறி வராது, மாடும் படுத்திருக்காது. பழக வேண்டியது ரோட்டுக்குத்தான்.

மலைப் பாதையில் வளைவே நம்மை மெதுவாகப் போக வைக்கும். புல்மோட்டை வீதியோ பல இடங்களில் நேராகக் கிடக்கும். வேகம் கூடுவது நமக்கே தெரியாது. கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஓரத்தில் மணல் கிடக்கும். பொழுது சாய்ந்தால் மாடுகள் ரோட்டிலேயே படுத்துக்கொள்ளும். காட்டோரத்தில் யானையும் வரும்.

மணிக்கு 50 கிலோமீற்றரில் போனால் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். அது லயத்தில் நாலு காம்பரா நீளம். மாட்டைக் கண்டு பிரேக்கில் கை வைக்கிறதற்குள் அவ்வளவு தூரம் போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்காகும்.

பழகும்போது கவனிக்க:

1. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்குக்குத்தான் பலம் கூட. மணலிலும் வளைவிலும் அதைத் திடீரென்று இறுக்கக் கூடாது.
2. திரும்புவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள், சிக்னல் போடுங்கள், தலையைத் திருப்பியும் ஒரு தடவை பாருங்கள்.
3. மஞ்சள் கோட்டில் ஆள் கால் வைத்தால் நிற்க வேண்டும்.
4. ஹெல்மெட்டின் வாரை இறுக்குங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். ஹெல்மெட் போடுவதால் தலையில் அடிபடும் ஆபத்து ஏறக்குறைய 69 சதவீதம் குறைகிறது என்று 2008-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! மகன் சைக்கிள் வாங்கப் பணம் கேட்டால், லைசனுக்கும் நல்ல ஹெல்மெட்டுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். முதல் தடவை ட்ரயலில் தவறினால் ஏசாதீர்கள். இன்னும் கொஞ்சம் பழகிவிட்டு மறுபடி போகச் சொல்லுங்கள்.