கண் பட்டும் காணாமல் போவது ஏன்?

விமான நிலையத்தில் பெட்டிகளை எக்ஸ்-ரே திரையில் பார்க்கும் ஊழியரும், மேமோகிராம் படத்தில் மார்பகப் புற்றுநோயைத் தேடும் ரேடியாலஜிஸ்ட்டும் செய்வது ஒரே வகை வேலைதான். நெரிசலான படத்துக்குள் இருக்கிறதா என்றே தெரியாத ஒன்றை அவர்கள் தேடுகிறார்கள். நன்கு பயின்றவர்களும் இதில் சிலவற்றைத் தவறவிடுகிறார்கள்.

முதல் காரணம் கண்ணின் அமைப்பு. கையை நீட்டிப் பார்த்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுள்ள சிறு வட்டம்தான் துல்லியமாகத் தெரியும். அதனால் கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் தாவுகிறது. தாவாத இடம் சோதிக்கப்படாமலே போகிறது. ஆனால் 1978இல் குண்டெல், நோடைன், கார்மோடி ஆகியோர் மார்பு எக்ஸ்-ரே பார்ப்பவர்களின் விழி அசைவைப் பதிவுசெய்தபோது, தவறிய கட்டிகளில் சுமார் 30 விழுக்காட்டின் மீதுதான் பார்வை விழாமல் இருந்தது. மற்றவற்றைக் கண் தொட்டிருந்தும், அவை கட்டி என்று அடையாளம் காணப்படவில்லை, அல்லது கட்டியல்ல என்று ஒதுக்கப்பட்டன.

2013இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. நுரையீரல் சி.டி. ஸ்கேனில் சிறு கட்டிகளைத் தேடிய 24 ரேடியாலஜிஸ்ட்டுகளின் படங்களில், சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்று செருகப்பட்டது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்களில் 12 பேரின் பார்வை நேராக அதன் மேலேயே பட்டிருந்தது. மனம் வெண்ணிறப் புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தது. கொரில்லா அந்தத் தேடலுக்குள் வரவில்லை. இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்பது அநியாயம்.

எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது அரிதாகவே தென்படும் இலக்கு. ஜெரமி வோல்ஃபும் உடன் ஆய்ந்தவர்களும் 2005இல் நடத்திய சோதனையில், பாதிப் படங்களில் இலக்கு இருந்தபோது 7 விழுக்காடு தவறியது. நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 விழுக்காடு தவறியது. 'இல்லை' என்ற பதிலே திரும்பத் திரும்பச் சரியாக அமைவதால், 'இருக்கிறது' என்று சொல்ல மனம் கூடுதல் சான்று கேட்கிறது. தேடலும் சீக்கிரமே முடிகிறது. நிதானமாகப் பார்க்கச் சொல்வது மட்டும் இதற்குப் போதாது. புற்றுநோய்ப் பரிசோதனையில் ஆயிரம் பெண்களில் சிலருக்கே நோய் இருக்கும் என்பதால் இந்தச் சரிவு உயிரைத் தொடுகிறது.

ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு அதே படத்திலுள்ள இரண்டாவது இலக்கு தவறுவதும் உண்டு.

இத்தகைய தவறுகளைக் குறைக்க, விமான நிலையங்களில் ஆயுதங்களின் போலிப் படங்களை இடையிடையே திரையில் புகுத்தி, ஊழியரின் எதிர்பார்ப்பு மங்காமல் காக்கிறார்கள். பிரிட்டனின் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு மேமோகிராமையும் இருவர் பார்க்கிறார்கள்.