தீக்காயத்துக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக்கூட அடுப்பிலிருந்து கிளம்பிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடி வகுப்புகளுக்கு மேலேயும் கீற்றுதான். இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் பந்தல் தீப்பிடித்து மணமகன் உட்படப் பலர் மாண்டனர். கீற்றும் வெளியேற வழியின்மையும் சேர்ந்து செய்த கொடுமை இது. வீட்டுக்கும் இதே கணக்குதான்: வாசற்படியையோ மாடிப்படியையோ அடைத்துக்கொண்டு பழைய சாமானும் பைக்கும் நிற்கக் கூடாது.

கேஸ் வாடை வந்தால்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றமடிக்கும் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமானது என்பதால் வாயு தரையோடு படிந்து நிற்கும். அந்த நேரத்தில் லைட்டையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சில் தெறிக்கும் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் எரிவாயு அவசர எண்ணான 1906-ஐ அழைக்க வேண்டும்.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடி வளையத்துக்குக் கீழுள்ள பட்டையைப் பாருங்கள். 'D-26' என்றிருந்தால் 2026 டிசம்பருக்குள் அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். A, B, C, D நான்கும் ஆண்டின் நான்கு காலாண்டுகள். கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றினால்

தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்தில் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். உடையில் பற்றினால் ஓடக் கூடாது; தரையில் படுத்து உருள வேண்டும்.

இங்க்கும் வேண்டாம், மாவும் வேண்டாம்

சூடு பட்டவுடன் பற்பசை, இங்க், இட்லி மாவு, மஞ்சள் என்று கைக்குக் கிடைத்ததைப் பூசும் வழக்கம் இன்னும் போகவில்லை. பாசத்தில் செய்வதுதான், ஆனால் கிருமி சேரும், காயத்தின் ஆழம் மருத்துவர் கண்ணுக்குத் தெரியாது. சோற்றுப்பானையை இறக்கிய பிறகும் சாதம் வேகுவதுபோல, தீ விலகிய பின்னும் தோலுக்குள் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். 2 நிமிடம் போதாது. ஐஸ் கூடாது, அது தோலை மேலும் சேதப்படுத்தும்.

வீங்குவதற்கு முன்பே வளையல், மோதிரம், அரைஞாணைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

குழந்தைக்கு சாம்பாரோ வெந்நீரோ கொட்டியிருந்தால், முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டிருந்தால், மின்சாரத்தால் சுட்டிருந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். தீயின் புகையைச் சுவாசித்தவரும் அப்படியே. 108 ஆம்புலன்ஸ் வரும்வரை காயத்தில் தண்ணீர் ஓடட்டும்; குழந்தை குளிரில் நடுங்காதபடி உடம்பின் மற்ற பகுதியைப் போர்த்திவிடுங்கள். உடனே செய்ய முடியாமல் போயிருந்தாலும், 3 மணி நேரத்துக்குள் தண்ணீர் காட்டினால் பலன் உண்டு.