நிரல் எழுதுவோரும் நூலாசிரியரே

கணிப்பொறிக்கு நிரல் வகுப்போர்க்கு உரைநடை எற்றுக்கு என வினவுவார் உளர். அவர்க்கு விடையாக அமெரிக்க அறிஞர் டானல்டு கனூத்தின் வாழ்க்கையைக் காட்டலாம்.

1938-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், மாணவராயிருந்த காலத்தே நிரல் எழுதப் பயின்றார். பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராயினார். நிரற்கலை பற்றிய இவரது பெருநூலின் முதற்றொகுதி 1968-இல் வெளிவந்தது. 1977-இல் இரண்டாந் தொகுதியின் மறுபதிப்புக்குரிய பார்வைப்படிகளிலே எழுத்தின் அழகு குன்றியிருத்தல் கண்டு பொறாராய், அச்சுக்கோப்பதற்கு 'டெக்' என்னும் நிரலைத் தாமே இயற்றத் தொடங்கினார். ஓய்வு வேளையில் இவர்க்கு உவப்பளித்தது குழாய் ஆர்கன் வாசித்தல். தம் இல்லத்திலேயே அக்கருவியொன்றை அமைத்துக்கொண்டார்.

நிரலெழுதுவோன் பொறிக்கு ஆணையிடுதலினும், தன் கருத்தை மாந்தர்க்கு விளக்குதலையே முதற்கடனாகக் கொள்ளல்வேண்டும் என்பது 1984-இல் இவர் வெளியிட்ட கட்டுரையின் கொள்கையாம். பொறியோ பொருளுணராமலே பணி முடிக்கும். பின்னாளில் அந்நிரலைத் திருத்த வருவோன் பொருளுணர்ந்தாலன்றித் திருத்த வல்லனல்லன். அன்றியும், பிறர்க்கு விளங்க எழுதுங்கால் எழுதுவோன் ஐயமுந் தெளியும்.

தம் நூலிற் பிழையொன்றை முதன்முதற் கண்டுரைப்போர்க்கு இவர் 2.56 டாலர் பரிசு வைத்தார். குற்றங் காட்டுவாரைப் பகைக்கும் புலமை தேயும். வரவேற்கும் புலமையே வளரும். ஆதலின், கற்றதை எழுதிப் பிறர்முன் வைக்க நாமும் நாணாதிருப்போமாக.