பனி ஓய்ந்த மறுநாள்

2023 ஏப்ரல் 4 அன்று, கேங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகும் ஜவஹர்லால் நேரு சாலையில் பனிச்சரிவு இறங்கி 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். சிகரம் ஏறக் கிளம்பியவர்கள் அல்லர், வண்டியில் பனி பார்க்கப் போனவர்கள். அன்று 13ஆவது மைல் வரைதான் அனுமதி என்றார்கள் அதிகாரிகள். விபத்து நடந்ததோ 15ஆவது மைல் அருகே.

பனிச்சரிவு என்றதும் மலையுச்சியிலிருந்து தானாக உருண்டு வருவது என்று நினைக்கிறோம். ஆனால் மலையேறுவோரும் பனிச்சறுக்கு வீரர்களும் சிக்கும் விபத்துகளில் பெரும்பாலும் பனியை அசைத்துவிடுவது அவர்களே, இல்லையென்றால் கூட வந்தவர். பழைய பனிக்குள் சர்க்கரைத் துகள்போல ஒன்றோடொன்று ஒட்டாத ஓர் அடுக்கு இருக்கும். புதுப்பனியும், காற்று வாரிக் குவித்த பனியும் அதன்மேல் பாளமாக இறுகும். ஓர் ஆள் கால் வைக்கும் எடையில் கீழடுக்கு நொறுங்கினால் பாளம் முழுவதும் பிளந்து சரியும். 30 முதல் 45 பாகைச் சாய்வுகளில்தான் இது அதிகம். சமதளத்தில் நடப்பவருக்கும் தலைக்கு மேல் அப்படியொரு சரிவு இருந்தால் ஆபத்துதான்.

பனி கொட்டும்போதும், ஓய்ந்த முதல் ஓரிரு நாட்களிலும் ஆபத்து உச்சத்தில் இருக்கும். வானம் வெளுத்து, வெயில் அடித்து, எல்லோரும் கிளம்பத் துடிப்பதும் அதே நாட்களில்தான். காஷ்மீரின் குல்மார்க்கில், அஃபர்வட் சரிவில் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் அதே குல்மார்க்கில், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் சறுக்கப் போன குழுவில் ரஷ்யர் ஒருவர் இறந்தார்.

பயிற்சி இருந்தாலே காப்பாகிவிடாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவே சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன.

இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் நாள் காலையிலும் அதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அளவுகோலில் ஆபத்து 1 முதல் 5 வரை போகும். ‘3 தானே, நடுத்தரம்தானே’ என்று எண்ணக்கூடாது; அங்கே உயிரிழப்புகளில் பெரும்பகுதி நிகழ்வது அந்த 3ஆம் நிலை நாட்களில்தான். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம், காலடியில் ‘தொம்’ என்று அமுங்கும் ஓசை, நடக்கும்போது பனியில் ஓடும் விரிசல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும். சந்தேகமான சரிவைக் கடந்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும்.

புதைந்தவரை முதல் 10 நிமிடங்களில் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதன்பின் அரை மணிக்குள் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். அதற்குள் மீட்புப்படை வந்து சேராது. தோண்ட வேண்டியது கூட வந்தவர்களே. புதைந்தவர் இருக்குமிடம் காட்டும் பீக்கன் கருவி, பனியைத் துழாவும் நீளக் கம்பி, பனி அள்ளும் ஷவல் மூன்றும் ஆளுக்கொன்று வேண்டும், பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். உதவி அழைக்கச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி கொண்டுபோக நினைத்தால், அனுமதியின்றி அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

முன்பணம் கட்டும் முன் பயண நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு. அது மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றதா? எந்த இடம் வரை அனுமதி வாங்கியிருக்கிறது? பனியால் பயணம் நின்றால் பணம் திரும்புமா? பதில்களை எழுத்தில் வாங்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல மலையேற்றத்தை ஏற்பதில்லை. உயர வரம்பையும் ஹெலிகாப்டர் மீட்புச் செலவையும் பாலிசியில் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கையை மறைத்து, அல்லது அனுமதி எல்லையைத் தாண்டி அழைத்துப் போனால் சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடரலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் மணாலியில் இருந்தாலும் மதுரைக்காரர் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கால வரம்பு 2 ஆண்டுகள். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் பனிச்சரிவும் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கோரலாம், அதற்கு இறப்பின் காரணத்தை உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். ரசீது, பயணத் திட்டம், வாட்ஸப் செய்திகள் எல்லாவற்றுக்கும் நகலெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.