மலைப் பாதையும் பின் அச்சின் பல் விகிதமும்

1997 வரை மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, இப்பொழுது சாமராஜநகர் மாவட்டத்தைச் சார்ந்துள்ள மாதேஸ்வரன் மலைக்கு, மேட்டூரிலிருந்து பாலாறு வழியாகச் செல்லும் பாதை கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. சமவெளியில் விரைந்தோடும் கார் அங்கே திணறுவதுண்டு. இதனை எஞ்சினின் குறைபாடு என்று கருதுவது எப்பொழுதும் பொருந்தாது. பின் அச்சிலுள்ள பல் விகிதமே காரணமாகலாம்.

டிபரன்ஷியல் பெட்டியில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் கிரௌன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 9 பற்களும் கிரௌனில் 41 பற்களும் இருப்பின் விகிதம் 4.56 ஆகும். இவற்றை முறையே 8, 43 என மாற்றினால் அது 5.38 ஆகிறது, சக்கரத்தை எட்டும் முறுக்கு விசை ஏறத்தாழ 18 சதவீதம் மிகும். ஆனால் அதே கியரில், எஞ்சின் அதே வேகத்தில் சுழலும்போது, முன்னர் மணிக்கு 60 கிலோமீட்டர் சென்ற வண்டி 51 கிலோமீட்டரே செல்லும். பந்தயக் கார் ஓட்டுவோரும் விரைந்து கிளம்பும் பொருட்டு உச்ச வேகத்தை இவ்வாறு விட்டுக்கொடுப்பதுண்டு.

இறக்கத்தில் எஞ்சினின் தடுப்பாற்றல் மிகுவதால் பிரேக்குகள் சூடேறுவது குறையும். மலையில் இதுவே பெரிய நன்மை எனலாம்.

கிரௌனும் பினியனும் இணையாகவே தேய்த்துப் பொருத்தப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றலாகாது. வேகமானி கியர்ப்பெட்டியிலிருந்து இயங்கும் வண்டிகளில், அதனையும் திருத்தாவிடில் 100 கிலோமீட்டர் ஓடியது 118 எனப் பதிவாகும். ஓட்டப் பதிவேட்டை நிரப்புவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். நான்கு சக்கரங்களும் உந்தும் ஜீப்பில் முன் அச்சின் விகிதத்தையும் அதே அளவில் மாற்றாவிடில், கெட்டித் தரையில் முன் அச்சை இணைத்தவுடன் இரு அச்சுகளும் ஒன்றையொன்று எதிர்த்திழுத்துப் பற்கள் முறியக்கூடும்.