மெதுவாக நடப்பவரின் வேகம்

சென்ற நேரலையின் முடிவில் ஒருவர் கேட்டார்: "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதை சொல்லும் விளையாட்டுத்தானே, பழைய விதிநூல்களில் எதற்கு இத்தனை அடிக்கணக்கு?" நான் ஒரு நர்ஸ். இந்த விளையாட்டை என் மகனிடம் கற்றுக்கொண்டவள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெய்ல்', மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டு. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதனால்தான் பழைய நூல்களில் தூரமெல்லாம் அங்குலத்தில் இருக்கும். நிலவறைக்குள் ஓர் அங்குலம் என்றால் 10 அடி.

எனக்குப் பிடித்தது டாம் மோல்ட்வே தொகுத்த 1981 அடிப்படை நூல். அதில் ஒரு 'டர்ன்' 10 நிமிடம். கவசம் அணியாதவர் அந்த நேரத்தில் 120 அடி நகர்வார். தோல் கவசத்தோடு 90, இரும்புக் கவசத்தோடு 60, இரும்புக் கவசத்தோடு புதையலும் சுமந்தால் 30. முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் முப்பது அடியா? அறுவை சிகிச்சைக்கு மறுநாள் எழுந்து நடப்பவர்கூட அதைவிட வேகம்! ஆனால் இவர்கள் இருட்டில், சத்தமில்லாமல், வரைபடம் வரைந்துகொண்டே போகிறார்கள்.

வேகம் குறைந்தால் என்ன நட்டம் என்று கணக்குப் போட்டால்தான் விதியின் அழகு தெரியும். தீப்பந்தம் 6 டர்ன் எரியும். ஐந்து டர்ன் நடந்தால் ஒரு டர்ன் ஓய்வு. இரண்டு டர்னுக்கு ஒருமுறை பகடை உருட்டி, 1 விழுந்தால் ஏதோ ஒன்று எதிரே வருகிறது. 600 அடிப் பாதையை 120 வேகத்தில் கடந்தால் ஓய்வோடு ஒரு பந்தம், மூன்று பகடை. 60 வேகத்தில் இரண்டு பந்தம், ஆறு பகடை. குழு முழுவதும் மிக மெதுவானவரின் வேகத்தில்தான் போகவேண்டும். ஒருவர் தூக்கிய சுமைக்கு எல்லாரும் வெளிச்சத்தால் விலை கொடுக்கிறார்கள்.

ஆதியாகமத்தில் யாக்கோபு ஏசாவை முன்னே போகச் சொல்லிவிட்டு, பிள்ளைகளும் மந்தையும் நடக்கும் வேகத்தில் தான் வருவதாகச் சொல்வது நினைவுக்கு வந்தது.

இனி, நிற்கும் இடம். 2000-ல் வந்த பதிப்பில் ஐந்தடிக் கட்டங்கள் வந்துவிட்டன. 1981-ல் கட்டம் இல்லாமலே ஆடலாம். யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசையை முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். சண்டையிலிருந்து விலக இரண்டே வழி. எதிரியைப் பார்த்தபடி, பாதி வேகத்துக்கு மிகாமல் பின்வாங்கலாம். அல்லது திரும்பி ஓடலாம். அப்போது எதிரியின் பகடையில் 2 கூடும், கேடயமும் உதவாது.

ஒரு சனிக்கிழமை என் மகனும் அவன் நண்பர்களும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் கிளெரிக், ஆயுதம் ஏந்திய குருவானவர் மாதிரி. இரும்புக் கவசம், தோளில் பொற்காசு மூட்டை. 120 வேகத்தில் ஓர்க்குகள் துரத்துகின்றன. "ஆன்ட்டியை விட்டுட்டு ஓடலாம், நமக்கு நேரம் கிடைக்கும்" என்றான் ஒரு பையன். கணக்குப்படி அவன் சொன்னது சரிதான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துத் தீ ஒத்திகையில், வாக்கர் பிடித்து நடக்கும் ஒருவர் "நீங்க போங்க பிள்ளை" என்று சொன்னதை அந்தப் பையன்களிடம் நான் சொல்லவில்லை.

மகன் விதிநூலைப் புரட்டினான். புத்தியுள்ள எதிரிக்கு முன் புதையலைக் கொட்டினால், ஆறுமுகப் பகடையில் 1 முதல் 3 வரை விழ, அது பொறுக்க நின்றுவிடும். ஆனால் வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசும் ஓர் அனுபவப் புள்ளி. மூட்டையைக் கொட்டினால் அன்றைக்கு எல்லாருடைய உழைப்பும் போகும்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "கொட்டுங்க ஆன்ட்டி" என்றான் அதே பையன். பகடையையும் அவனே உருட்டினான். மூன்று.